மலைக்கு வராத ஸ்கேன்: ஹைடாடிட் நோயும் கல்வராயன் மக்களின் உரிமையும்

காய்ச்சலாகவோ கொப்புளமாகவோ தன்னை வெளிக்காட்டிக்கொள்ளும் நோயை எந்த ஊரிலும் கண்டறிந்துவிடலாம். ஹைடாடிட் நோய் அப்படிப்பட்டதன்று. நாயின் குடலில் வாழும் ஒரு சிறு நாடாப்புழுவின் முட்டை மனித உடலுக்குள் புகுந்து, கல்லீரலிலோ நுரையீரலிலோ நீர் நிறைந்த கட்டியாக மாறி, பல ஆண்டுகள் ஓசையின்றி வளர்கிறது. வலி தொடங்கும்போது கட்டி பெரும்பாலும் பெரிதாகியிருக்கும். அதற்கு முன் அதைக் காணும் வழி ஒன்றே ஒன்றுதான்: உடலின் உட்புறத்தைப் படமெடுத்துப் பார்ப்பது. ஆகவே படக்கருவி இல்லாத இடத்தில் இந்நோய் அரசின் ஏட்டில் இடம்பெறுவதே இல்லை. ஏட்டில் இல்லாத நோய்க்கு நிதியும் இல்லை, திட்டமும் இல்லை.

கள்ளக்குறிச்சி மாவட்டத்தையும் கல்வராயன் மலையையும் முன்வைத்து இந்த நோயைப் பேசுவதற்குக் காரணம் உண்டு. 2024 சூனில் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயத்தால் அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டபோது, உயிருக்குப் போராடியவர்களைச் சேலத்துக்கும் விழுப்புரத்துக்கும் புதுச்சேரி ஜிப்மருக்கும் கொண்டு செல்ல வேண்டியிருந்தது. அதைத் தொடர்ந்து சூலையில் சென்னை உயர் நீதிமன்றம் கல்வராயன் மலைவாழ் மக்களின் சமூக, பொருளாதார நிலை குறித்துத் தானாக முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது. சாராயச் சாவு ஒரே இரவில் நிகழ்ந்ததால் நாடே பார்த்தது. பத்து ஆண்டுகளில் மெல்ல நிகழும் கேட்டை யாரும் பார்ப்பதில்லை. அந்த இரண்டாவது வகைக் கேட்டுக்கு ஹைடாடிட் நோய் ஓர் எடுத்துக்காட்டு.

நோயின் சுழற்சி

இந்த ஒட்டுண்ணியின் அறிவியல் பெயர் எக்கினோகாக்கஸ் கிரானுலோசஸ். நாயின் குடலில் வாழும் முதிர்ந்த புழு சில மில்லிமீட்டர் நீளமே உடையது. அதன் முட்டைகள் நாயின் மலத்தோடு வெளியேறி மண்ணிலும் புல்லிலும் நீரிலும் கலக்கின்றன. ஆடு, மாடு, எருமை, பன்றி ஆகியவை மேயும்போது அவற்றை விழுங்குகின்றன. முட்டையிலிருந்து வெளிவரும் இளம் உயிரி குடற்சுவரைத் துளைத்துக் குருதியில் கலந்து கல்லீரலையோ நுரையீரலையோ அடைந்து நீர்க்கட்டியாகிறது. அந்த விலங்கை அறுத்தபின் கட்டியுள்ள ஈரலை நாய்க்கு வீசினால், நாயின் குடலில் புழு மறுபடி வளர்கிறது. நாய்க்கும் கால்நடைக்கும் இடையில் ஓடும் சக்கரம் இது. மனிதர் இதில் தற்செயலாகச் சிக்குகிறார். நாயைத் தடவிய கை, கழுவாத கீரை, திறந்த ஊற்றுநீர் வழியே முட்டை வாய்க்குள் செல்கிறது.

இங்கே ஒரு பொய்யை உடைத்தாக வேண்டும். மாட்டிறைச்சி உண்பவர்களுக்கு வரும் நோய் என்று இதை யாரேனும் சொன்னால், அது அறிவியல் அன்று, சாதி. இறைச்சி உண்பதால் இந்நோய் மனிதருக்கு வருவதில்லை. கட்டியுள்ள ஈரலைத் தின்ற நாய்க்குப் புழு வரும். அதையே தின்ற மனிதருக்குக் கட்டி வராது. மனிதருக்கு நோயைத் தருவது நாயின் மலத்திலுள்ள முட்டை மட்டுமே. வாழ்நாளில் இறைச்சியைத் தொடாதவருக்கும் கழுவாத காய்கறி வழியே இது வரக்கூடும். உணவைக் குற்றவாளியாக்கும் பேச்சு, நாய்களுக்கு மருந்து கொடுக்காத நிர்வாகத்தையும் கழிவை அப்புறப்படுத்தாத இறைச்சிக் கூடத்தையும் தப்பவிடுகிறது.

இந்தியாவில் ஆந்திரம், தமிழ்நாடு, சௌராட்டிரம் ஆகிய பகுதிகளை இந்நோய் மிகுந்தவையாக மருத்துவ நூல்கள் குறிப்பிடுகின்றன. உலக அளவில் எந்த நேரத்திலும் 10 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் எக்கினோகாக்கஸ் நோய்களோடு வாழ்கின்றனர் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்பு. புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்கள் பட்டியலில் அந்நிறுவனம் இதைச் சேர்த்துள்ளது. கல்வராயனில் மலையாளி பழங்குடிக் குடும்பங்கள் ஆடும் மாடும் வளர்க்கின்றன; வீட்டுக்கும் மந்தைக்கும் நாய் காவலிருக்கிறது; குடிநீர் பல இடங்களில் ஊற்றிலிருந்தும் திறந்த கிணற்றிலிருந்தும் வருகிறது. நோயின் சக்கரம் சுழல வேண்டிய உறுப்புகள் அனைத்தும் அங்கே உள்ளன.

படம் என்ன சொல்கிறது?

முதலில் செய்ய வேண்டியது வயிற்று அல்ட்ராசவுண்ட் ஸ்கேன். கதிர்வீச்சு இல்லாதது, செலவு குறைந்தது, கையில் எடுத்துச் செல்லும் அளவிலும் கிடைப்பது. கட்டி இருக்கிறதா என்பதோடு, அது எந்தப் பருவத்தில் இருக்கிறது என்பதையும் அது காட்டுகிறது. 1981இல் கார்பி என்பவரின் குழு வகுத்த பிரிவுகளை அடிப்படையாகக் கொண்டு, உலக சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழு 2003இல் ஒரு வகைப்பாட்டை வெளியிட்டது. இன்று உலகெங்கும் வழங்குவது அதுவே. ஸ்கேன் அறிக்கையில் காணப்படும் குறியீடுகளின் பொருளை நம் செயற்பாட்டாளர்கள் தெரிந்துகொள்வது நல்லது.

சி.எல். என்றால் தெளிந்த நீர் நிறைந்த கட்டி. சுவரில் தனி அடையாளம் இல்லை. அது ஹைடாடிட் கட்டிதான் என்று அந்நிலையில் உறுதி கூற இயலாது. சி.இ.1 என்றால் சுவர் இரட்டைக் கோடாகத் தெரியும். நோயாளி புரண்டு படுக்கும்போது உள்ளிருக்கும் நுண்துகள்கள் பனித்தூவலைப் போல் மிதக்கும். சி.இ.2 என்றால் பெருங்கட்டிக்குள் சிறு கட்டிகள் நிறைந்து தேனடைபோல் காணப்படும். இவ்விரண்டும் உயிர்ப்புள்ள கட்டிகள். சி.இ.3ஏ நிலையில் உட்சவ்வு சுவரிலிருந்து கழன்று நீரில் அல்லி இலைபோல் மிதக்கும். சி.இ.3பி நிலையில் கெட்டியான பொருளுக்கு நடுவே சிறு கட்டிகள் இருக்கும். இவை மாறும் பருவம். சி.இ.4 என்றால் கட்டி கெட்டிப்பட்டு நூல் உருண்டைபோல் ஆகிவிட்டது. சி.இ.5 என்றால் சுவரில் சுண்ணாம்பு படிந்துவிட்டது. இந்த இரண்டும் பொதுவாக உயிர்ப்பு அடங்கிய கட்டிகள்.

இந்த எண்கள் வெறும் மருத்துவச் சொற்கள் அல்ல. சிகிச்சையின் பாதையையே தீர்மானிப்பவை. சிறிய சி.இ.1, சி.இ.3ஏ கட்டிகளுக்கு அல்பெண்டசோல் மாத்திரை மட்டும் போதுமானதாகலாம். அவையே 5 சென்டிமீட்டருக்கு மேல் பெரிதானால், ஸ்கேன் பார்த்தபடி ஊசியால் நீரை உறிஞ்சி, புழுவைக் கொல்லும் மருந்தைச் செலுத்தி, மறுபடி உறிஞ்சும் முறையை மாத்திரையின் துணையோடு கையாள்கின்றனர். சி.இ.2, சி.இ.3பி கட்டிகளுக்கு அறுவை சிகிச்சை தேவைப்படலாம். தொல்லை தராத சி.இ.4, சி.இ.5 கட்டிகளை வெட்டாமல், ஆண்டுக்கணக்கில் ஸ்கேன் எடுத்துக் கண்காணித்தாலே போதும். எனவே பருவம் எழுதப்படாத ஸ்கேன் அறிக்கை அரைகுறை அறிக்கை. அதை நம்பி, தேவையற்ற அறுவைக்கு உள்ளாகி நிலத்தையோ ஆட்டையோ விற்கும் குடும்பம் இருக்கக்கூடும். தேவையான அறுவையைத் தள்ளிப்போட்டு உயிரை இழப்பவரும் இருக்கக்கூடும்.

நுரையீரலின் உட்புறத்தை அல்ட்ராசவுண்டால் காண்பது கடினம். அங்கே மார்பு எக்ஸ்ரேயே தொடக்கம். முழுமையான கட்டி, விளிம்பு தெளிந்த உருண்டை நிழலாகத் தெரியும். சவ்வு விலகத் தொடங்கினால் மேற்புறத்தில் பிறைவடிவில் காற்று தென்படும். சி.டி. ஸ்கேன் சுண்ணாம்புப் படிவையும், கட்டிக்குள் புகுந்த காற்றையும், வெடிப்பையும், மற்ற உறுப்புகளின் நிலையையும் நன்கு காட்டும். எம்.ஆர்.ஐ. கட்டியின் உள்ளமைப்பை சி.டி.யைவிடத் தெளிவாகக் காட்டும். பித்தநாளத்தோடு கட்டிக்குத் தொடர்பு ஏற்பட்டிருக்கிறதா என்பதை அறியவும் அதுவே உதவும்.

இரத்தப் பரிசோதனை துணைச்சான்று மட்டுமே. எலைசா பரிசோதனையில் நோயில்லை என்று வந்தாலும் கட்டி இருக்கலாம். குறிப்பாகத் தொடக்கநிலைக் கட்டியிலும், அடங்கிய கட்டியிலும், நுரையீரல் கட்டியிலும் அது தவறுவதுண்டு. படமும் இரத்தமும் முரண்பட்டால், இரத்தத்தை மட்டும் நம்பி நோயாளியைத் திருப்பி அனுப்பக் கூடாது.

கட்டி உடையும்போது

இந்நோயின் பெருங்கேடு அதன் சிக்கல்களில் இருக்கிறது. கல்லீரல் கட்டி பித்தநாளத்துக்குள் உடைந்தால் சவ்வும் சிறு கட்டிகளும் வழியை அடைக்கும். மஞ்சள் காமாலை, குளிர்க்காய்ச்சல், வலது விலாவுக்குக் கீழே வலி தோன்றும். ஸ்கேனில் நாளம் விரிந்திருப்பதும் அதற்குள் சவ்வுத் துண்டு இருப்பதும் தெரியும். நம் ஊர்களில் மஞ்சள் காமாலை என்றதும் கீழாநெல்லியை நாடும் வழக்கம் உண்டு. அடைப்பால் வந்த காமாலைக்கு அது மருந்தாகாது. காலந்தாழ்ந்தால் கிருமி குருதியில் பரவி உயிருக்கு ஆபத்தாகும்.

கட்டிக்குள் கிருமி புகுந்தால் அது சீழ்க்கட்டியாகும். வயிற்றறைக்குள் உடைந்தால் திடீர் வலியும், உடலெங்கும் தடிப்பும், இரத்த அழுத்தச் சரிவும் ஏற்படும். கட்டியின் நீர் கடும் ஒவ்வாமையைத் தூண்டவல்லது. சிந்திய நீரிலுள்ள நுண்ணுயிரிகள் வயிற்றுக்குள் பல இடங்களில் புதிய கட்டிகளாகவும் முளைக்கும். நுரையீரல் கட்டி மூச்சுக்குழாயில் உடைந்தால், இருமலோடு உப்புக்கரிக்கும் நீரும் திராட்சைத் தோல் போன்ற வெண்சவ்வும் வெளிவரும். இருமலும் இரத்தமும் கண்டவுடன் காசநோய் என்று எண்ணிவிடும் வாய்ப்பு இங்கே அதிகம். சளியில் காசநோய்க் கிருமி தென்படாமல், எக்ஸ்ரேயில் உருண்டை நிழல் இருந்தால், ஹைடாடிட் நோயையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

இதிலிருந்து இரண்டு எச்சரிக்கைகள் பிறக்கின்றன. முதலாவது, கல்லீரலில் நீர்க்கட்டி கண்டவுடன் அது என்னவென்று ஆராயாமல் ஊசி குத்தக் கூடாது. ஒவ்வாமை அதிர்ச்சியைச் சமாளிக்கும் மருந்தும் ஏற்பாடும் உள்ள இடத்தில், முன்கூட்டியே அல்பெண்டசோல் கொடுத்து, பயிற்சி பெற்றவர் செய்ய வேண்டிய வேலை அது. இரண்டாவது, பள்ளிகளில் குடற்புழு நீக்க நாளன்று தரப்படும் ஒற்றை அல்பெண்டசோல் மாத்திரை இந்நோய்க்குச் சிகிச்சையாகாது. ஹைடாடிட் கட்டிக்கு அதே மருந்தை நாளுக்கு இருமுறை, மாதக்கணக்கில், கல்லீரல் செயல்பாட்டையும் இரத்த அணுக்களையும் அவ்வப்போது பரிசோதித்தபடி உண்ண வேண்டும். பெரிய நுரையீரல் கட்டிக்கு மாத்திரை மட்டும் கொடுத்தால் கட்டி உடையக்கூடும். தானாக வாங்கி உண்ணும் மருந்தன்று இது.

தொழிலும் சாதியும் சட்டமும்

யார் நாயோடும் கால்நடையோடும் இறைச்சிக் கழிவோடும் நாள்தோறும் புழங்குகிறார்கள்? ஆடு மேய்ப்பவர், இறைச்சிக் கூடத் தொழிலாளி, தெருநாய் பிடிக்கும் தூய்மைப் பணியாளர், செத்த மாட்டை அகற்றுமாறு பணிக்கப்படுபவர். இவற்றில் பல வேலைகளைச் சாதியே பங்கிட்டுத் தந்திருக்கிறது. செத்த மாட்டைச் சுமக்கும் இழிவை விட்டொழிக்குமாறு 1927 மகாடு மாநாட்டில் அம்பேத்கர் அறைகூவல் விடுத்தார். 2015இல் திருத்தப்பட்ட வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(i) பிரிவு, பட்டியல் சாதி, பழங்குடி மக்களை மனிதப் பிணத்தையோ விலங்குப் பிணத்தையோ அகற்றவும் சுமக்கவும், குழி தோண்டவும் வைப்பதைக் குற்றமாக்குகிறது.

விருப்பத்தோடு கூலிக்கு இவ்வேலைகளைச் செய்வோருக்கு வேறொரு பாதுகாப்பு உண்டு. 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணை, அ பகுதி, தொற்று நோய்களையும் ஒட்டுண்ணி நோய்களையும் தொழில்சார் நோய்களாக ஏற்றிருந்தது. விலங்குகளையும் விலங்குப் பிணங்களையும் கையாளும் வேலை அதில் வெளிப்படையாக இடம்பெற்றிருந்தது. அந்தச் சட்டத்தின் 3(2) பிரிவின்படி, இப்பகுதியிலுள்ள வேலையில் இருப்பவருக்கு அந்நோய் வந்தால், மாறாக மெய்ப்பிக்கப்படாத வரை அது வேலையால் வந்ததாகவே கொள்ளப்பட்டது. மெய்ப்பிக்கும் சுமை முதலாளியுடையது. 2020 சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் இப்பொருளைத் தன்னுள் இணைத்துக்கொண்டுள்ளது.

ஆயினும் நடைமுறையில் இங்கே இரு தடைகள் எழும். கட்டி பல ஆண்டுகள் கழித்தே தெரிவதால், வேலையில் சேரும் முன்பே அது இருந்தது என்று எதிர்த்தரப்பு வாதிடும். மேலும், நோய் பிணத்திலிருந்து வருவதில்லை, நாயின் மலத்திலிருந்து வருகிறது என்றும் சொல்லும். இரண்டாவது வாதத்தில் அறிவியல் உண்மை இருக்கிறது. எனவே வழக்கைத் தயாரிக்கும்போதே, பணியிடத்தில் நாய்கள் திரிந்தன, கழிவு அவற்றுக்கு வீசப்பட்டது, கையுறையும் கைகழுவும் வசதியும் தரப்படவில்லை என்பதற்கான சான்றுகளைத் திரட்ட வேண்டும். பணியில் சேரும்போது எடுத்த ஸ்கேன் இருந்தால் முதல் வாதம் வலுவிழக்கும். தூய்மைப் பணியாளர்களுக்கான மருத்துவ முகாம்களில் வயிற்று ஸ்கேனையும் சேர்க்குமாறு சங்கங்கள் கேட்பதற்கு இதுவும் ஒரு காரணம் ஆகட்டும்.

மலைக்கு ஸ்கேனைக் கொண்டுவர இயலாதா?

சிறுவங்கூரில் 2022 சனவரி முதல் கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. ஆனால் வெள்ளிமலையிலும் சேராப்பட்டிலும் இன்னாட்டிலும் வாழ்பவர், வலியில்லாத ஒரு கட்டியைத் தேடி ஒருநாள் கூலியை இழந்து மலையிறங்கி வரமாட்டார். கருவிதான் மலையேற வேண்டும். அது கற்பனையன்று. கென்யாவின் வடமேற்கிலுள்ள துர்க்கானா மேய்ச்சல் மக்களிடையே 1980களிலேயே கையடக்க ஸ்கேன் கருவியை ஊர் ஊராக எடுத்துச் சென்று ஹைடாடிட் நோயைக் கண்டறிந்தனர். 2014, 2015 ஆண்டுகளில் பல்கேரியா, ருமேனியா, துருக்கி ஆகிய நாடுகளின் சிற்றூர்களில் ஏறத்தாழ 25,000 பேருக்கு ஸ்கேன் எடுத்து, நோய் இருப்பதே தெரியாமல் வாழ்ந்தவர்களை அடையாளம் கண்டனர்.

கையடக்கக் கருவிக்குப் பாலினத் தேர்வுத் தடைச் சட்டம் இடம் தராது என்ற பதில் அதிகாரிகளிடமிருந்து வரக்கூடும். அச்சட்டம் நம் பெண் குழந்தைகளைக் காப்பது. அதைத் தளர்த்தக் கோரவில்லை. விதி என்ன சொல்கிறது என்பதையே சுட்டுகிறோம். 2012இல் சேர்க்கப்பட்ட 3பி விதி, கையடக்க ஸ்கேன் கருவியை இரு சூழல்களில் அனுமதிக்கிறது. ஒன்று, உள்நோயாளிகளுக்குச் சிகிச்சை தரும் பதிவுபெற்ற மருத்துவமனை வளாகம். மற்றொன்று, பிற மருத்துவச் சேவைகளையும் சேர்த்து வழங்கும் நடமாடும் மருத்துவப் பிரிவு. ஆகவே பதிவுபெற்ற நடமாடும் மருத்துவ ஊர்தியில், தகுதியுள்ள மருத்துவரோடு, உரிய பதிவேடுகளோடு ஸ்கேன் கருவி மலையேறச் சட்டம் தடையாக இல்லை.

பணமில்லை என்பதும் விடையாகாது. 1996இல் பச்சிம் பங்கா கேத் மஜ்தூர் சமிதி வழக்கில் உச்ச நீதிமன்றம், உரிய நேரத்தில் அரசு மருத்துவமனை சிகிச்சை தரத் தவறுவது அரசமைப்பின் 21ஆம் உறுப்பு தரும் வாழ்வுரிமையை மீறுவதாகும் என்றது. நிதிப் பற்றாக்குறையைக் காட்டி அரசு அக்கடமையிலிருந்து விலக முடியாது என்பதையும் தெளிவாக்கியது.

சக்கரத்தை நிறுத்துவது

நோயாளியைக் கண்டறிவது பாதி வேலை. மறுபாதி நாயிடம் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை, நாய்களுக்கு ஆண்டுக்குக் குறைந்தது 4 முறை பிராசிகுவாண்டெல் மருந்து கொடுப்பது. 2025 ஆகஸ்ட் 22 அன்று தெருநாய்கள் குறித்து உச்ச நீதிமன்றம் பிறப்பித்த ஆணையில், பிடிக்கப்படும் நாய்களுக்குக் கருத்தடையோடும் தடுப்பூசியோடும் குடற்புழு நீக்கமும் செய்ய வேண்டும் என்று கூறப்பட்டுள்ளது. கடிக்கும் நாய், கடிக்காத நாய் என்ற பூசலில் அச்சொல் கவனம் பெறவில்லை. எந்த மருந்து என்பதும் முக்கியம். இந்த நாடாப்புழுவுக்குப் பிராசிகுவாண்டெல் வேண்டும். பொதுவான குடற்புழு மருந்துகள் பலவும் போதா. ஒருமுறை கொடுத்துவிட்டு நிறுத்துவதிலும் பயனில்லை. மருந்துண்ட நாய் மறுபடி கட்டியுள்ள ஈரலைத் தின்றால், ஆறேழு வாரங்களில் மீண்டும் முட்டைகளை வெளியேற்றத் தொடங்கும்.

ஆகவே இறைச்சிக் கழிவைக் குழியில் ஆழப் புதைப்பதும் எரிப்பதும், நாய் புகாத அறுப்பிடம் அமைப்பதும் உள்ளாட்சியின் கடமை. 19ஆம் நூற்றாண்டில் இந்நோயால் பெரிதும் வாடிய ஐசுலாந்து, நாய்களைக் கட்டுப்படுத்தியும், கட்டியுள்ள உறுப்புகளை நாய்க்குப் போடுவதைத் தடுத்தும், மக்களுக்குக் கற்பித்தும் இதை ஒழித்தது. வீட்டளவில் நாயைத் தொட்டபின் கை கழுவுவது, கீரையையும் காயையும் நன்கு அலசுவது, நீரைக் கொதிக்கவைத்துக் குடிப்பது ஆகியவை உதவும். குளோரின் இந்த முட்டையை அழிக்கப் போதாது. ஆனால் கைகழுவச் சொல்லும் முன் குழாயில் நீர் வர வேண்டும். அதைச் சொல்லாத சுகாதாரப் பரப்புரை, பாதிக்கப்பட்டவரையே பழிசொல்வதில் போய் முடியும்.

நாம் செய்யக்கூடியவை

கல்லீரலிலோ நுரையீரலிலோ நீர்க்கட்டி என்று அறிக்கை வந்தவருக்குத் துணை நிற்கும் தோழர்கள், கட்டியின் அளவும் பருவமும் எழுதப்பட்டுள்ளனவா என்று கேளுங்கள். படத்தையும் அறிக்கையையும் பத்திரப்படுத்தச் சொல்லுங்கள். அடுத்த ஆண்டின் படத்தோடு ஒப்பிட அதுவே ஆதாரம். 2002ஆம் ஆண்டின் மருத்துவ ஒழுக்கநெறி விதிமுறைகளின்படி, நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவப் பதிவேடுகளைத் தர வேண்டும். எழுத்து மூலம் கேளுங்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இல்லாத குடும்பங்களுக்கு, நோய் முற்றும் முன்பே அதைப் பெற்றுத்தர உதவுங்கள்.

மாவட்ட ஆட்சியரிடமும் மருத்துவத் துறையிடமும் வைக்க வேண்டிய கோரிக்கைகள் நான்கு: கல்வராயன் மலைச் சிற்றூர்களுக்கு ஸ்கேன் கருவியோடு கூடிய நடமாடும் மருத்துவப் பிரிவு, ஸ்கேன் அறிக்கையில் கட்டியின் பருவத்தைக் குறிப்பதைக் கட்டாயமாக்குதல், கண்டறியப்படும் ஒவ்வொரு நோயாளியின் விவரத்தையும் கால்நடைத் துறைக்கும் தெரிவித்து, அந்த ஊரின் நாய்களுக்கு மருந்து கொடுத்தல், ஆண்டுதோறும் எண்ணிக்கையை வெளியிடுதல். கருணாபுரத்துச் சாவுகளுக்குப் பின் இம்மலை பற்றிய கேள்விகள் உயர் நீதிமன்றத்தின் முன் வந்தன. சாலை, பள்ளி, வேலை ஆகியவற்றோடு, கண்ணுக்குத் தெரியாமல் வளரும் நோயைக் காணும் கருவியும் அந்தக் கேள்விகளில் ஒன்றாக இடம்பெற வேண்டும். அதை எழுப்புவது நம் கையில் இருக்கிறது.